மாமாவின் பணத்தில் அத்தர் கடை: வட்டி கலக்காமல் கூட்டு சேர்வது எப்படி?

தொழில் தெரியும், கையில் முதல் இல்லை. நம் பிள்ளைகள் பலருக்கு இதுதான் நிலைமை. சவூதியில் இருக்கும் மாமாவிடம் பணம் இருக்கும், கடையில் நிற்க அவருக்கு நேரம் இருக்காது. அவர் பணம் போட, நீங்கள் உழைக்கும் இந்தக் கூட்டுக்கு முளாரபா என்று பெயர். அத்தர் கடையை வைத்தே பார்ப்போம்.

முதலில் லாபப் பங்கைப் பேசுங்கள். "மாசம் 5,000 கொடுத்துடு, போதும்" என்று மாமா பாசமாகத்தான் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் இவ்வளவு என்று வாங்கினால் அது வட்டி. வரும் லாபத்தில் அவருக்கு நூற்றுக்கு 40, உங்களுக்கு 60 என்று பேசுங்கள்.

முதல் 2,00,000 ரூபாய் என்று வைப்போம். ஆறு மாதம் கழித்துச் செலவெல்லாம் போக, சரக்கும் பணமுமாக 2,50,000 இருக்கிறது. லாபம் 50,000. மாமாவுக்கு 20,000, உங்களுக்கு 30,000. இடையில் வீட்டுச் செலவுக்கு எடுத்திருந்தால் அது சம்பளம் இல்லை, முன்பணம். உங்கள் பங்கில் கழியும்.

சரி, 1,80,000தான் இருக்கிறது என்றால்? 20,000 நஷ்டம் மாமா போட்ட பணத்தில் போகும், உங்களுக்கு ஆறு மாத உழைப்பு போகும். நஷ்டத்திலும் பாதிப் பாதி என்று பலர் பேசிவிடுகிறார்கள். முளாரபாவில் அது செல்லாது. ஆனால் அத்தரை வெயிலில் வைத்து நீங்களே கெடுத்தால், அந்த நஷ்டம் உங்கள் தலையில்தான்.

அப்புறம் எழுதுங்கள். சொந்தத்துக்குள் எழுத்து எதற்கு என்று கூச்சப்பட வேண்டாம். கடனை எழுதிவைக்கவும் சாட்சி வைக்கவும் குர்ஆனே சொல்கிறது (2:282). முதல், பங்கு, கணக்குப் பார்க்கும் தேதி, என்ன சரக்கு வாங்கலாம் என்ற நாலு வரி போதும். இருவரும் கையெழுத்துப் போடுங்கள், இரண்டு சாட்சிகளும் போடட்டும்.

கைக்கு வராத சரக்கை விற்காதீர்கள். மொத்தக் கடைக்காரர் அனுப்பிய ஊது (அகில் வாசனை) அத்தரின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, காசு வாங்கிய பிறகு சரக்கைத் தேடுவது இன்று சாதாரணமாகிவிட்டது. தன்னிடம் இல்லாததை விற்க நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அந்தக் கடைக்காரரின் ஏஜெண்டாக, கமிஷன் பேசிக்கொண்டு விற்றால் கூடும். 6 மில்லி பாட்டிலில் 6 மில்லி நிரப்புவதைச் சொல்லவே வேண்டாம்.

ஜகாத் என்ற கட்டாயத் தர்மத்துக்கு ஒரு பிறைத் தேதி வையுங்கள். சரக்கின் அன்றைய விற்பனை விலை, ரொக்கம், வரவேண்டிய பாக்கி ஆகியவற்றைக் கூட்டி, கொடுக்கவேண்டிய கடனைக் கழியுங்கள். ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவான நிஸாபைத் தொட்டு ஒரு வருடம் ஆகியிருந்தால் நூற்றுக்கு இரண்டரை. கண்ணாடி அலமாரிக்கும் தராசுக்கும் ஜகாத் கிடையாது.