பழைய பிக்கப்புக்குப் பலகைத் தளம்: எங்கே தவறுகிறது?

பழைய பிக்கப் வண்டியில் சாமான் ஏற்றும் பின்பெட்டியின் பலகைத் தளத்தில் ஆணி கிடையாது, பசை கிடையாது. பலகைகள் குறுக்குச் சட்டங்களின் மேல் சும்மா கிடக்கின்றன. அவற்றின் ஓரக் காடியில், அதாவது ஓரத்தில் நீளமாக வெட்டிய பள்ளத்தில், உட்காரும் இரும்புப் பட்டிகள்தான் அமுக்கிப் பிடிக்கின்றன. பட்டியின் போல்ட்டும் மரத்தின் நடுவில் புகுவதில்லை. இரண்டு பலகைக்கு நடுவே விட்ட சந்து வழியாக இறங்கிக் குறுக்குச் சட்டத்தில் முடுக்கப்படுகிறது. மரம் ஈரத்துக்கு விரியும், காய்ந்தால் சுருங்கும். அதற்கு இடம் விடத்தான் இந்த ஏற்பாடு. இதை மறந்து மரத்தை இரும்புபோல் நடத்துவதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

முதல் தவறு, பழைய பலகையைக் கழற்றியதும் குப்பையில் போடுவது. உளுத்துப் போயிருந்தாலும் அதுதான் அளவுக்கு அச்சு. காடியின் ஆழம், சக்கர வளைவுக்காக வெட்டிய இடம், சேசிஸ் போல்ட்டின் துளை எல்லாம் அதில் இருக்கின்றன. இடமிருந்து வலமாக எண் போட்டு, புதியது முழுதாக ஏறும்வரை வைத்திருங்கள்.

அளவாக வெட்டிய பலகைகளைத் தயார் செட்டாக வாங்குபவர்கள் வண்டியின் ஆண்டை மட்டும் சொல்லி ஏமாறுவதுண்டு. 1955 செவ்ரோலே என்றால் எது? அந்த ஆண்டில் முதலில் வந்தவை 1947இல் தொடங்கிய பழைய உடல் வரிசையைச் சேர்ந்தவை. ஆண்டின் நடுவில் புது உடல் வந்துவிட்டது. ஆண்டோடு மாடல், பெட்டியின் நீளம், பக்கத் தகட்டின் வடிவம் மூன்றையும் சொல்ல வேண்டும். அதன்பிறகும் டேப் வைத்து அளக்க வேண்டும், ஏனென்றால் எழுபது ஆண்டுகளில் யாரோ ஒருவர் பெட்டியை மாற்றியிருக்கலாம்.

மரத் தேர்வில் அதிகம் கேட்கப்படுவது ஓக். சிவப்பு ஓக்கின் நுண்குழாய்கள் திறந்தவை, வெட்டு முனை வழியே தண்ணீரை உறிஞ்சும். வெள்ளை ஓக்கில் அவை அடைபட்டிருப்பதால் மழையில் நிற்கும் வண்டிக்கு அதுவே மேல். உளுக்காமலிருக்கச் செம்புக் கரைசல் ஏற்றிய பலகை மலிவாகத் தெரியும். ஆனால் அது பெரும்பாலும் ஈரமாகவே வரும், பொருத்திய பின் சுருங்கும். அதிலுள்ள செம்பு வெறும் இரும்பை அரிக்கவும் செய்யும். ஓக்கிலும் ஒரு வம்பு உண்டு. அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பைத் தொட்டு நனைந்தால் கருநீலக் கறை பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட் கேட்பது பளபளப்புக்காக மட்டும் அல்ல.

சந்து விடாமல் பலகைகளை நெருக்கி அடுக்குவதுதான் பெரிய சேதத்தை உண்டாக்கும் தவறு. வழக்கமான முறையில் அறுத்த 150 மி.மீ. அகலச் சிவப்பு ஓக் பலகையின் ஈரம் 8 சதவீதத்திலிருந்து 12க்கு ஏறினால், அகலம் ஏறக்குறைய 2.2 மி.மீ. கூடும். எட்டுப் பலகைக்குக் கணக்குப் போட்டால் 17 மி.மீ.க்கு மேல்! போக இடம் இல்லாவிட்டால் பலகை நடுவில் எழும்பும், பட்டி வளையும், பக்கத் தகடும் வெளியே தள்ளப்படும். எனவே பலகை வந்ததும் ஓரிரு வாரம் வண்டி நிற்கும் இடத்திலேயே, இடையில் குச்சி வைத்துக் காற்றுப் புக அடுக்கி வையுங்கள். அதன்பின் எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்து, மிச்ச இடத்தைச் சந்துகளுக்குச் சமமாகப் பிரியுங்கள். பட்டி மூடிக்கொள்வதால் சந்து வெளியே தெரியாது. ஆரைவாட்டில், அதாவது அடிமரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி, அறுத்த பலகை கிடைத்தால் அசைவு பாதிக்குக் கீழே குறையும், விலை கூடும்.

வார்னிஷை மேல்பக்கம் மட்டும் அடித்துத் திருப்தியடைவது அடுத்தது. சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் படுவது அடிப்பக்கத்தில்! ஒருபக்கம் ஈரம் குடித்து மறுபக்கம் குடிக்காவிட்டால் பலகை கிண்ணம்போல் வளையும். நான்கு பக்கமும் இரண்டு முனையும் சமமாகப் பூசப்பட வேண்டும். வெட்டு முனைக்கு இன்னும் இரண்டு கோட் கூடுதலாக. துளைகளை முதலில் போட்டுவிட்டு, அவற்றின் உள்சுவரையும் நனையுங்கள். 120, 150, 180 என்ற எண் வரிசையில் உப்புத்தாள் தேய்த்து, முதல் கோட்டை நீர்க்க அடியுங்கள், மரம் குடிக்கட்டும். வீட்டு மேசைக்கான வார்னிஷ் இங்கே உதவாது. வெயிலைத் தாங்கும் படகு வார்னிஷ் வேண்டும். அதிலும் படலம் ஒரு கீறல் வாங்கினால் அடியில் ஈரம் பரவிக் கறுக்கும், முழுதும் சுரண்ட வேண்டும். சாமான் ஏற்றும் வண்டி என்றால் ஊறும் எண்ணெயே சரி. ஆண்டுக்கொரு தடவை துடைத்துப் பூசினால் போதும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி எறியாதீர்கள். ஆளி எண்ணெய் ஊறிய துணி தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீர் உள்ள மூடிய டப்பாவில் போடுங்கள்.

பல மாடல்களில் பெட்டியைச் சேசிஸோடு பிடிக்கும் பெரிய போல்ட்டுகள் மட்டும் பலகையைத் துளைத்தே போகும். அவற்றின் வாஷர் மரத்துக்குள் பதிய வட்டக் குழி வேண்டும். குழியை முதலில், துளையை அப்புறம். மாற்றிச் செய்தால் குழி வெட்டும் பிட்டின் நடுமுனைக்குப் பிடிமானம் இருக்காது, பிட் வழுக்கி மேற்பரப்பைக் கிழித்துவிடும். துளை போல்ட்டைவிட 3 மி.மீ. அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். அடியில் ஒரு தேவையற்ற பலகையை அழுத்திப் பிடித்தால் பிட் வெளிவரும் இடத்தில் சிராய் பெயராது.

பொருத்தும்போது ஒரு போல்ட்டை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது. முன் தகடு, பக்கத் தகடுகள், பின் சட்டம், பலகை, பட்டி எல்லாம் தளர்வாக ஏறட்டும். பெட்டியின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து, வித்தியாசத்தை 3 மி.மீ.க்குள் கொண்டுவாருங்கள். பின்கதவு இருபக்கமும் உரசாமல் மூடுகிறதா என்று பார்த்த பிறகே, நடுப் பட்டியிலிருந்து ஓரங்களை நோக்கி முடுக்குங்கள். காடி நசுங்கும் அளவுக்கு வேண்டாம். பட்டி பலகையை அசையாமல் பிடித்தால் போதும். ஸ்டெயின்லெஸ் நட்டை இம்பாக்ட் கன்னால் ஓட்டினால் மரை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், அறுத்துத்தான் எடுக்க முடியும். மரையில் கொஞ்சம் ஆன்டி-சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மசகு) தடவி, கை ஸ்பேனரால் மெதுவாகப் போங்கள். ஓரிரு மாத ஓட்டத்தில் மரம் படிந்து நட்டுகள் தளர்ந்திருக்கும், அப்போது அடியில் படுத்து ஒரு சுற்று சரிபார்த்துவிடுங்கள்.