சோர்ஸ் கோடில் செத்துப்போன லிங்க்கை மாற்றுவது எப்படி

பைதான் நிரல்மொழியில், இணையத் தளங்கள் நம் கணினியில் விட்டுவைக்கும் குக்கிகளை ஒரு ஃபைலில் சேமிக்க மொசில்லாகுக்கிஜார் என்று ஒன்று இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மதியம் வேளச்சேரி வீட்டில் வேறு ஏதோ பக்கைத் துரத்திக்கொண்டிருந்தபோது, அது எழுதிவைத்த ஃபைலைத் திறந்து பார்த்தேன். முதல் வரி, இது நெட்ஸ்கேப் குக்கி ஃபைல் என்கிறது. இரண்டாவது வரியில் ஒரு லிங்க், கர்ல்.ஹாக்ஸ்.எஸ்இ என்ற முகவரியில் இருக்கும் ஒரு பக்கத்துக்கு. இணையப் பக்கங்களை இழுத்துவரும் கர்ல் என்ற கருவியின் திட்டமோ 2020-லேயே கர்ல்.எஸ்இ என்ற புது முகவரிக்குக் குடிபோய்விட்டது. அட, ஒரு வரிதானே, ஐந்து நிமிஷத்தில் பைதானின் சோர்ஸில் மாற்றி அதை உருவாக்குபவர்களுக்கு அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அந்த ஐந்து நிமிஷம் மூன்று வாரம் ஆனது. அதில் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உதாரணமெல்லாம் பைதானிலிருந்து, ரூபி, பிஹெச்பி, கோ என்று எதை எடுத்தாலும் வேலை இதேதான், சடங்குகள் மட்டும் மாறும்.

இவ்வளவு லிங்க் எப்படிச் செத்தது என்று கேட்காதீர்கள். பைதான் சோர்ஸே 2017 பிப்ரவரியில்தான் மெர்க்யூரியல் என்ற பழைய கோடு நிர்வாகக் கருவியில் இருந்து கிட்ஹப் தளத்துக்கு வந்தது. பிழைகளைப் பதிவுசெய்யும் பக் டிராக்கர் 2022 ஏப்ரலில் வந்தது. பைதானில் செய்யவேண்டிய மாற்றங்களை முன்மொழியும் பெப் ஆவணங்களுக்கும் அதே 2022-இல் தனி முகவரி கிடைத்தது. வெளியே பார்த்தால் இன்னும் மோசம்: சன் நிறுவனத்தை 2010-இல் ஆரக்கிள் வாங்கியதும் ஜாவா பக்கங்கள் இடம் மாறின, கூகுள் கோட் 2016-இல் மூடப்பட்டது, மைக்ரோசாஃப்ட் தன் எம்எஸ்டிஎன் உதவிப் பக்கங்களை முதலில் டாக்ஸுக்கும் அப்புறம் லேர்னுக்கும் மாற்றியது. 25 வருஷத்துக்கு முன்னால் யாரோ கோடுக்குள் விளக்கக் குறிப்பாக எழுதிய கமெண்டுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

சரி, வேலைக்கு வருவோம். கிட்ஹப்பில் ஃபோர்க் போட்டு உங்கள் பெயரில் ஒரு பிரதி எடுத்து, அதை க்ளோன் செய்து உங்கள் கணினிக்கு இறக்குங்கள். டேட்டா மிச்சமாகட்டும் என்று, கடைசி மாற்றத்தை மட்டும் இறக்கும் டெப்த் 1 போட்டு எடுக்காதீர்கள். முழு வரலாறும் வேண்டும், ஏன் என்று பின்னால் வரும். அன்றைக்கு வைஃபை மக்கர் பண்ணியதால் நான் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இழுத்தேன், கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன், முடியவில்லை, இன்னொரு டீக்குப் போனேன்.

ஃபைல்களுக்குள் தேட கிட் கிரெப் கட்டளை போதும். ஆனால் ஹெச்டிடிபி என்று மொத்தமாகத் தேடாதீர்கள், ஆயிரக்கணக்கில் கொட்டும், பத்தாவது ஸ்கிரீனில் ஆர்வம் போய்விடும். ஒரு டொமைனைப் பிடியுங்கள். இணைய விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் டூல்ஸ்.ஐஇடிஎஃப்.ஆர்க் என்று மட்டும் தேடுங்கள், அது முடிந்ததும் எம்எஸ்டிஎன், அதற்கப்புறம் கோட்.கூகுள். டேஷ் என் சேர்த்தால் வரி எண்ணும் வரும். வருவதையெல்லாம் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு, ஃபைல், வரி, பழைய லிங்க், என்ன ஆயிற்று, என்ன செய்யப்போகிறேன் என்று ஐந்து நெடுவரிசை வைத்துக்கொள்ளுங்கள். சோம்பேறித்தனப்பட்டு இதை விட்டால், பின்னால் ரிவ்யூவில் ஒருவர் கேள்வி கேட்கும்போது ஒவ்வொரு லிங்க்கையும் மறுபடி திறந்து பார்க்கவேண்டி வரும்.

தொடக்கூடாத இடங்கள்

எதையும் மாற்றும் முன் இதைப் படித்துவிடுங்கள், நான் படிக்கவில்லை. முதல் முயற்சியில், லிப் ஃபோல்டரில் டெஸ்ட்டுகளை மட்டும் விட்டுவிட்டு, எழுத்தைத் தேடி மாற்றும் செட் (sed) கட்டளை ஒன்றை வைத்து எல்லா ஹெச்டிடிபியையும் ஒரே அடியாக ஹெச்டிடிபிஎஸ் ஆக்கினேன். பெருமையாக இருந்தது. டெஸ்ட் ஓட்டினேன், எக்ஸ்எம்எல் தொடர்பான டெஸ்ட்டுகள் வரிசையாகச் சிவப்பு.

காரணம் எளிது. டபிள்யு3 முகவரியும் 1999-உம் எக்ஸ்ஹெச்டிஎம்எல்லும் சேர்ந்து வரும் அந்தச் சரம் பார்க்கத்தான் லிங்க் மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு பெயர், நேம்ஸ்பேஸ். அதை யாரும் போய்த் திறப்பதில்லை, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதோடு சரி. ஒரு எஸ் சேர்த்தால் அது வேறு பெயர். எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் எலிமென்ட்ட்ரீ ஃபைலுக்குள் அப்படி ஒரு பட்டியலே இருக்கிறது. ரேஷன் கார்டில் இருக்கும் பெயரில் அழகுக்காக ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டு அரிசி வாங்கப் போன கதைதான்.

டெஸ்ட் ஃபோல்டரையும் அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே இருக்கும் முகவரிகள் பெரும்பாலும், முகவரியைப் பிரித்துப் படிக்கும் பார்சருக்குப் போடும் தீனி, திறக்கிறதா இல்லையா என்பதே கேள்வி இல்லை. மிஸ்க் ஃபோல்டரில், என்னென்ன மாறியது என்று சொல்லும் நியூஸ் பதிவுகள் இருக்கும். அது வரலாறு, அன்றைக்கு எழுதியது எழுதியபடியே இருக்கட்டும். எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் எக்ஸ்பாட் போல வெளியே இருந்து கொண்டுவந்து வைத்த கோடு என்றால் அதன் சொந்த ரெப்போவில் போய் மாற்றவேண்டும். இங்கே மாற்றினால் அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும். லைசென்ஸ் வாசகத்தை நினைக்கவே நினைக்காதீர்கள்.

அப்புறம் மெஷின் எழுதும் ஃபைல்கள். சி மொழி ஃபங்ஷன்களின் விளக்க வாசகமான டாக்ஸ்ட்ரிங் பல இடங்களில் ஆர்குமென்ட் கிளினிக் என்ற கருவி வழியாக வருகிறது. கிளினிக் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைலில் கை வைக்காமல், சி ஃபைலின் கமெண்டில் இருக்கும் மூலத்தை மாற்றி மேக் கிளினிக் ஓட்டினால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். பைதானின் உதவிக் கருவிக்கான பைடாக் டேட்டாவில் இருக்கும் டாபிக்ஸ் ஃபைலும் இந்த ரகம்தான், டாக் ஃபோல்டரிலிருந்து உருவாவது.

லிங்க் செத்ததா, மயக்கமா?

கர்ல் கட்டளையில் பெரிய ஐ, பெரிய எல் இரண்டையும் போட்டால் பக்கத்தை இறக்காமல், அதன் முன்னால் வரும் விவரங்களான ஹெடரை மட்டும் கேட்டு, ரீடைரக்ட் போகும் வழியெல்லாம் காட்டும். சர்வர் சொல்லும் எண் 404, 410 என்றால் செத்தது, சந்தேகமே இல்லை. 301, 308 என்றால் நிரந்தரமாக இடம் மாறியிருக்கிறது, 302, 307 என்றால் தற்காலிகம், அதை மாற்றவேண்டாம். 403 அல்லது 429 வந்தால் அவசரப்பட்டுச் சாகடித்துவிடாதீர்கள். நிறைய சர்வர்கள் கர்லைப் பார்த்தாலே கதவைச் சாத்திவிடும், பிரவுசரில் திறந்தால் பக்கம் ஜம்மென்று வரும். சில சர்வர்களுக்கு ஹெடரை மட்டும் கேட்பதே பிடிக்காது, முழுப் பக்கத்தையும் கேட்டுப் பாருங்கள்.

ரீடைரக்டில் இரண்டு வகை உண்டு. மவுண்ட் ரோடு என்று சொல்லி ஆட்டோ ஏறினால் அண்ணா சாலையில் சரியாக இறக்கிவிடுவார். பெயர்தான் பழசு, இடம் அதேதான். இந்த வகைக்கு அவசரமே இல்லை. இன்னொரு வகை, 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த புதிதில், பழக்க தோஷத்தில் கோயம்பேட்டில் போய் இறங்கி மதுரை பஸ்ஸைத் தேடியவர்கள் கதை. நிலையம் அங்கேயே இருக்கிறது, விளக்கு எரிகிறது, பஸ்கூட நிற்கிறது, உங்கள் பஸ் மட்டும் இல்லை. இணையத்தில் இதுதான் ரொம்ப ஆபத்து: சர்வர் 200, எல்லாம் சரி என்று சிரித்த முகமாகச் சொல்லும், ஆனால் வந்து நிற்பது ஏதோ நிறுவனத்தின் முகப்புப் பக்கம். எந்தக் கருவியும் இதைப் பிடிக்காது, கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

ஹாஷ் குறிக்குப் பின்னால் வரும் பகுதியையும் கவனியுங்கள். கர்லுக்கு அது தெரியாது, ஏனென்றால் சர்வருக்கு அந்தப் பகுதி போவதே இல்லை. பக்கம் உயிரோடு இருக்கும், பிரிவின் பெயர் மாறியிருக்கும், வாசகர் பக்கத்தின் உச்சியில் போய் இறங்கி முழிப்பார். டாக் ஃபோல்டரில் மேக் லிங்க்செக் ஓட்டினால் ஆவணங்களை உருவாக்கும் ஸ்ஃபிங்ஸ் கருவி இதையும் சேர்த்துப் பார்த்துவிடும். ஆனால் அது டாக் பக்கங்களை மட்டும்தான் பார்க்கும், பைதான் ஃபைலிலும் சி ஃபைலிலும் இருக்கும் கமெண்டுகளுக்கு உங்கள் ஸ்ப்ரெட்ஷீட்தான் கதி.

எதைக் கொண்டு மாற்றுவது

நான் முதலில் செய்த தப்பு, திறக்கும் லிங்க்காக இருந்தால் போதும் என்று நினைத்தது. அந்த வரியை எழுதியவர் எதைக் காட்ட நினைத்தார் என்று தெரியாமல் புது முகவரியை ஒட்டினால், பழைய செத்த லிங்க்கே தேவலை, அது பொய்யாவது சொல்லாது.

ஒரு கமெண்ட் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஆர்எஃப்சி 2616, பிரிவு 14.35-ஐப் பார்க்கவும், பக்கத்தில் ஒரு பழைய ஐஇடிஎஃப் லிங்க். ஆர்எஃப்சி என்பது இணைய விதிகளை எழுதிவைக்கும் ஆவணம். 14.35 என்பது ரேஞ்ச் ஹெடர், ஒரு ஃபைலில் இந்த பைட்டிலிருந்து இந்த பைட் வரை மட்டும் கொடு என்று கேட்பது. ஆர்எஃப்சி 2616 வந்தது 1999-இல். 2014-இல் அதை உடைத்து ஆறு ஆவணங்களாக்கினார்கள், ரேஞ்ச் 7233-க்குப் போனது. 2022-இல் மறுபடி சேர்த்து எழுதியதில் இப்போது 9110-இல் பிரிவு 14.2-ஆக இருக்கிறது. பிரிவு எண் வரை மாறியிருக்கிறது பாருங்கள். எண்ணை மட்டும் 9110 ஆக்கிவிட்டு 14.35-ஐ அப்படியே விட்டால் அப்படியொரு பிரிவே அங்கே கிடையாது.

இங்கேதான் முழு வரலாறு உதவும். கிட் பிளேம் போட்டால் கடைசியாக அந்த வரியைத் தொட்டவர்தான் கிடைப்பார், அவர் வெறும் இடைவெளியைச் சரிசெய்தவராகக்கூட இருக்கலாம். கிட் லாக் கட்டளையில் பெரிய எஸ் போட்டு அந்த முகவரியையே கொடுத்தால், அது முதன்முதலில் நுழைந்த கமிட், அதாவது பதிவான மாற்றம், கிடைக்கும். அந்த கமிட் செய்தியைப் படியுங்கள். பொதுவாக ரேஞ்ச் என்றால் என்ன என்று காட்டத்தான் லிங்க் என்றால், கீழே இருக்கும் கோடும் புது ஆவணத்தோடு ஒத்துப்போனால், 9110-க்குத் தாராளமாக மாற்றலாம். மாறாக, கோடு பழைய விதியைப் பார்த்து எழுதப்பட்டது என்றால் 2616-ஐயே வைத்துக்கொண்டு, ஆர்எஃப்சி எடிட்டர் தளத்தின் முகவரியை மட்டும் போடுங்கள். குக்கி சமாச்சாரத்தில் இது அடிக்கடி வரும். 2109, 2965 விதிகளைப் பார்த்து எழுதிய கோடின் தலையில் 2011-இல் வந்த 6265-ஐ ஒட்டினால், படிப்பவர் கோடில்தான் பக் என்று நினைத்துக்கொள்வார்.

பக்கமே உலகத்தில் இல்லையென்றால், பழைய இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின். கடைசிப் பிரதியை எடுக்காதீர்கள், அது பெரும்பாலும் டொமைன் விற்பனைக்கு என்ற பலகையாக இருக்கும். அந்த கமிட் தேதிக்குப் பக்கத்தில் இருக்கும் பிரதியை எடுத்து, தேதி உள்ள முகவரியாகவே போடுங்கள். இன்னொரு வழியும் உண்டு, எனக்கு இதுதான் பிடிக்கும்: அந்தப் பக்கம் சொன்ன விஷயம் இரண்டு வரிதான் என்றால், அதை கமெண்டிலேயே எழுதிவிட்டு லிங்க்கைத் தூக்கிவிடுங்கள்.

சில்லறை விஷயங்கள். பைதான் ஆவணத்துக்கு லிங்க் கொடுத்தால் 3.8 போலப் பதிப்பு எண் இல்லாமல் 3 என்று மட்டும் முடியும் முகவரியைக் கொடுங்கள். டாக் ஃபோல்டரில் பெப், ஆர்எஃப்சி இரண்டுக்கும் ரோல் என்ற தனிக் குறியீடு இருக்கிறது, எண்ணைக் கொடுத்தால் முகவரியை ஸ்ஃபிங்ஸே போட்டுக்கொள்ளும், நாளைக்குத் தளம் மாறினாலும் ஓர் இடத்தில் மாற்றினால் போதும். கிட்ஹப்பில் ஒரு வரியைக் காட்ட வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தில் ஒய் எழுத்தைத் தட்டுங்கள், முகவரி அந்த கமிட்டுக்கே உரியதாக மாறும். மெயின் பிராஞ்ச் லிங்க்கைக் கொடுத்தால் அடுத்த வாரமே வரி நகர்ந்துவிடும். பழைய பக் எண்களை கிட்ஹப் எண் என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு. பழைய டிராக்கர் இன்னும் படிப்பதற்குத் திறந்தே இருக்கிறது, அந்த லிங்க்குகளை விட்டுவிடலாம்.

அனுப்புவது

மாற்றியதும் பில்ட் செய்து டெஸ்ட் ஓட்டுங்கள். கமெண்ட்தானே என்று நினைக்கவேண்டாம், எக்ஸ்எம்எல் கதை ஞாபகம் இருக்கட்டும். மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டு அனுப்பும் ஒரு புல் ரிக்வெஸ்டில் ஒரு டொமைன், பத்துப் பதினைந்து லிங்க், அதற்கு மேல் வேண்டாம். நூறு ஃபைலைத் தொட்டு அனுப்பினால் ரிவ்யூ செய்பவருக்குப் பார்த்தவுடனே தலைவலி, பிளேம் வரலாறும் வீணாகக் கலங்கும். விளக்கத்தில் அந்த ஸ்ப்ரெட்ஷீட்டை அப்படியே ஒட்டிவிடுங்கள்.

முதல்முறை என்றால் பங்களிப்பாளர் ஒப்பந்தமான சிஎல்ஏவில் கையெழுத்து கேட்டு ஒரு தானியங்கி பாட் வரும், போட்டுவிடுங்கள். இவ்வளவு சின்ன விஷயத்துக்குத் தனி இஷ்யூவும் நியூஸ் பதிவும் பொதுவாகத் தேவைப்படாது, ஸ்கிப் நியூஸ் லேபிளை கோர் டெவலப்பர் போட்டுவிடுவார். ரிவ்யூ நடக்கும்போது, ஏற்கெனவே அனுப்பியதை அழித்து எழுதும் ஃபோர்ஸ் புஷ் செய்யாதீர்கள். புது கமிட்டாகவே சேருங்கள், மெர்ஜ் ஆகும்போது எல்லாம் ஒன்றாகிவிடும். பதில் பெரும்பாலும் நாம் தூங்கப்போன பிறகுதான் வரும், காலையில் எழுந்து பாருங்கள். இரண்டு மூன்று வாரம் சத்தமே இல்லையென்றால் மரியாதையாக ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள், ஒருமுறைதான்.

எல்லாவற்றையும் ஆரம்பித்துவைத்த அந்த குக்கி வரியை என்ன செய்தேன் என்று கேட்டால், தொடவில்லை. அது கமெண்ட் இல்லை, ஃபைலுக்குள் எழுதப்படும் சரம். திரும்பப் படிக்கும்போது முதல் வரியை மட்டும்தான் சரிபார்க்கிறார்கள், அதனால் மாற்றினாலும் பைதான் உடையாது. ஆனால் எழுதிய ஃபைலை அப்படியே ஒப்பிட்டுப் பார்க்கும் டெஸ்ட்டை எந்த ஆபீஸில் யார் வைத்திருக்கிறார்களோ. பழைய முகவரியைத் தட்டிப் பார்த்தேன், ஒழுங்காகப் புது இடத்தில் கொண்டுபோய் விட்டது. மவுண்ட் ரோடு கேஸ்தான், அப்படியே இருக்கட்டும் என்று ஸ்ப்ரெட்ஷீட்டில் அந்த வரிக்கு நேரே குறித்துவிட்டு மூடிவிட்டேன்.