கெட்டிமேளத்துக்கு முன்: தாலிகட்டைத் தவறவிடாமல் படம் பிடிக்க

தலைமுறை தலைமுறையாகக் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோக் குடும்பங்கள் பிள்ளைக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது கேமராவை அல்ல. சடங்கின் வரிசையையும் உறவுமுறையையும். ஃபிலிம் காலத்தில் 120 ரோல் என்ற ஃபிலிம் சுருளில், சதுரப் படம் எடுக்கும் 6×6 கேமராவுக்கு 12 படம்தான். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாதவர் கையில் அது பாலிகைக்கே (முளைப்பாரிச் சடங்கு) தீர்ந்துவிடும். இன்று கார்டில் ஆயிரக்கணக்கில் இடமிருந்தாலும் தாலி ஏறுவது ஒரு முறைதான்.

முந்தின நாளே பெண் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு வையுங்கள். மூன்று முடிச்சையும் மாப்பிள்ளையே போடுவாரா, முதல் முடிச்சுக்குப் பின் நாத்தனார் போடுவாரா? நாத்தனார் என்றால் அவர் பெண்ணுக்குப் பின்னால் நிற்பார். படத்தின் மேல்பக்கம் இடம் விட வேண்டும். ஐயர் வீட்டுக் கல்யாணத்தில் பெண் அப்பாவின் மடியில் உட்காருவாள். உயரம் மாறும், அப்பாவின் முகமும் படத்துக்குள் வந்தாக வேண்டும்.

நிற்கும் இடம் ஹோமகுண்டத்துக்கு எதிரே, நடுவிலிருந்து பெண் பக்கமாக ஓரடி தள்ளி. தாலிகட்டுப் படங்களை அதிகம் கெடுப்பது மாப்பிள்ளையின் முழங்கை. அது உயர்ந்தால் பெண்ணின் முகம் மறைந்துபோகும். "கையைத் தாழ்த்திக் கொண்டுபோங்க மாப்பிள்ளை, அவசரமே வேண்டாம்" என்று மணையில் உட்காருமுன் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். மாலையைக் கொஞ்சம் விலக்கிப் பிடிக்க நாத்தனாரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மஞ்சள் கயிறு பூவுக்குள் போய்விடும். வீடியோக்காரரோடும் இடத்தை முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

லென்ஸ் 24-70 மி.மீ. போதும். 35க்கும் 50க்கும் நடுவில் வையுங்கள். லென்ஸ் துளை f/4, ஷட்டர் 1/200 நொடி, ஒளியுணர்திறன் ISO 1600இல் தொடங்கலாம். மேடையின் எல்இடி விளக்கால் படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் ஷட்டரை 1/100க்கு இறக்குங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு அதன் இரு மடங்காக நூறு முறை மினுங்கும் என்பதால் பெரும்பாலும் பட்டை மறையும். கூரை வெள்ளையாக இருந்தால் ஃபிளாஷை மேலே திருப்பலாம். சிவப்பு, ஊதாத் துணி கட்டிய பந்தலில் அப்படிச் செய்தால் அந்த நிறமெல்லாம் முகத்தில் இறங்கும், பட்டுப்புடவையின் நிறமும் கெடும்.

அட்சதைதான் அடுத்த தொல்லை. லென்ஸுக்கு அருகே பறக்கும் அரிசியில் ஃபிளாஷ் வெளிச்சம் பலமாக விழுவதால் பெரிய வெள்ளைப் பொட்டாகத் தெரியும். ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, உதவியாளர் பக்கவாட்டில் ஆறேழு அடி உயரத்தில் பிடித்தால் குறையும். ஃபோகஸும் அரிசிக்குத் தாவும். ஃபோகஸின் ஒற்றைப் புள்ளியைப் பெண்ணின் கண்ணில் வைத்து முன்கூட்டியே பூட்டிவிடுங்கள்.

தேங்காயோடு தாலித் தட்டு சபையில் ஆசீர்வாதத்துக்குப் போகும்போதுதான் ஃபிளாஷ் பேட்டரியும் கார்டும் மாற்றும் நேரம். பாதி மிச்சமிருந்தாலும் மாற்றுங்கள். முகூர்த்தத்துக்குப் புது ரோல் போட்டுக்கொள்ளும் பழைய வழக்கத்தின் காரணமே இதற்கும். தட்டு மணைக்குத் திரும்பியதும் கண் கேமராவை விட்டு அகலக் கூடாது. புரோகிதர் மேளக்காரரைப் பார்த்துக் கை உயர்த்தியதும் அகலமாக ஒன்று, முகமும் கையும் சேர்ந்து மூன்று நான்கு, ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒன்று. விடாமல் அழுத்தினால் ஃபிளாஷ் சார்ஜ் ஏறாமல் மூன்றாம் முடிச்சு இருட்டாகப் போகும்.

முடிச்சு விழுந்ததும் கேமராவை இறக்காதீர்கள். பெண்ணின் அம்மா கண் கலங்குவது அப்போதுதான். தொடர்ந்து வகிட்டில் குங்குமம். பிறகு குடும்பப் படங்கள்: தாய்மாமன் குடும்பத்தைப் பட்டியலின் முதல் வரியில் எழுதி வையுங்கள்; அது விட்டுப்போனால் வரும் மனக்கசப்பு எளிதில் தீராது.

அன்றிரவே இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். அதுவரை கார்டை அழிக்க வேண்டாம். ஃபோல்டர் பெயரில் தேதி, ஊர், மணமக்கள் பெயர் மூன்றும் இருக்கட்டும்.