ஓவர்டிராஃப்ட் வரம்பு குறைந்தால் திணறாமல் இருக்க

பிரிட்டனில் படிக்கும் மாணவர்களுக்கு வங்கிகள் வட்டியில்லா ஓவர்டிராஃப்ட் தருகின்றன, அதாவது கணக்கில் பணம் தீர்ந்த பிறகும் ஒரு வரம்பு வரை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது கேட்டவுடன் திருப்பித் தர வேண்டிய கடன். வரம்பை வங்கி எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம். 1,500 பவுண்ட் வரம்பில் 1,400 எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். வரம்பு 1,000 ஆனால் 400 பவுண்டை உடனே புரட்ட வேண்டும். அதனால் வரம்பின் விளிம்பு வரை போகவே போகாதீர்கள்.

இங்கிலாந்தில் மாணவர்களின் வாழ்க்கைச் செலவுக்கு அரசு தரும் பராமரிப்புக் கடன் ஆண்டுக்கு மூன்று தவணையாக வரும். தவணை வந்த அன்றே ஒரு பகுதியை ஓவர்டிராஃப்டைக் குறைக்க ஒதுக்குங்கள். மாதக் கடைசியில் மிச்சம் பிடிப்பது நடக்காத காரியம். வாடகை, போன் பில் போன்றவை கணக்கிலிருந்து தானாகக் கழியும் டைரக்ட் டெபிட் தேதிகளையும் பணம் வரும் நாளை ஒட்டி மாற்றிக்கொள்ளலாம்.

வரம்பு குறைகிறது என்று கடிதம் வந்தால் தயவுசெய்து மூடி வைக்காதீர்கள். அன்றே வங்கியை அழைத்து, படிப்படியாகக் கட்ட அவகாசம் கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் நெருக்கடி உதவி நிதிக்கும் விண்ணப்பியுங்கள், அதில் கூச்சப்பட எதுவுமில்லை. படிப்பு முடிந்ததும், புதிய பட்டதாரிகளுக்கு வட்டியில்லா ஓவர்டிராஃப்ட் தரும் பட்டதாரிக் கணக்குக்கு மாறிவிடுங்கள். சாதாரணக் கணக்கின் ஓவர்டிராஃப்டுக்குப் பல வங்கிகள் ஆண்டுக்கு 40% அளவில் வட்டி போடுகின்றன.