மருந்து ஏந்தும் பாலிமர் இழை: ஆய்வகத்தில் நூற்கத் தொடங்குவோருக்கு

கோவையிலும் ஈரோட்டிலும் ஜவுளித் தொழில்நுட்பமோ மருந்தியலோ படித்துக்கொண்டு, எச்.ஐ.வி. போன்ற பால்வினைத் தொற்றுகளைத் தடுக்கும் மருந்தை மின்நூற்பு முறையில் (உயர் மின்னழுத்தத்தால் பாலிமர்க் கரைசலை ஊசியிலிருந்து தகட்டை நோக்கி மெல்லிய இழையாக இழுக்கும் முறை) இழையாக்கிப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்காக இக்குறிப்பு எழுதப்படுகிறது. துணைவர் ஆணுறை அணிய மறுக்கும்போது, ஒரு பெண் தன் கையாலேயே பயன்படுத்திக்கொள்ளக்கூடிய பாதுகாப்புகள் இன்னும் மிகக் குறைவு என்பதால், இது நம் உழைப்புக்குத் தகுதியான துறை என்று உறுதியாக நம்புகிறேன்.

கருவியைத் தொடுவதற்கு முன், மருந்து எப்போது வெளிவர வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். தென்னாப்பிரிக்காவில் 889 பெண்களிடம் நடந்து 2010-இல் முடிவு வெளியான ஆய்வில், உறவுக்கு முன்னும் பின்னும் யோனியில் இட்டுக்கொண்ட, டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து 1 சதவீதம் கொண்ட களிம்பு (ஜெல்) எச்.ஐ.வி. தொற்றை 39 சதவீதம் குறைத்தது. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளில் அப்பயன் கிட்டவில்லை, பலரால் அதைத் தொடர்ந்து பயன்படுத்த முடியாமற்போனது அதற்கு முக்கியக் காரணம். ஒரு மாதம் யோனிக்குள்ளேயே இருக்கும், டேபிவிரின் என்ற மருந்து கொண்ட சிலிக்கோன் வளையத்தை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் கூடுதல் தெரிவாகப் பரிந்துரைத்தது. நிமிடங்களிலா, நாட்களிலா, விந்து பட்டவுடனா என்ற கேள்விக்கு நீங்கள் தரும் விடைதான் பாலிமரைத் தீர்மானிக்கும்.

நிமிடங்களில் கரைய வேண்டுமானால் பாலிவினைல் ஆல்கஹால் ஏற்றது. பாவுக்குக் கஞ்சி போடும் சைசிங் பட்டறைகளில் பழகிய அதே பொருள்தான். ஆனால் அங்குள்ள மூட்டையிலிருந்து எடுக்காமல், மருந்துத் தரத்தில், சுமார் 88 சதவீதம் நீராற்பகுக்கப்பட்ட (ஹைட்ரலைஸ்டு) வகையை வாங்குங்கள், ஏனெனில் 98 சதவீதத்துக்கு மேற்பட்ட வகை உடல் வெப்பநிலையில் எளிதில் கரையாது. விந்து பட்டவுடன் கரைய வேண்டுமானால், யோனியின் அமிலச் சூழலில் (பி.எச். 3.8 முதல் 4.5 வரை) கரையாமல் நின்று, விந்தினால் பி.எச். உயரும்போது கரையும் செல்லுலோஸ் அசிட்டேட் தாலேட் பொருந்தும். நாட்கணக்கில் வெளிவர பாலிகேப்ரோலாக்டோனைப் பலரும் நாடுகின்றனர். ஆனால் நீரில் கரையும் மருந்து அதன் மேற்பரப்பில் ஒதுங்கி, முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி கொட்டிவிடுவதுண்டு.

தொடங்குவதற்குப் பாலிவினைல் ஆல்கஹாலே நல்லது. 1 கிராம் பாலிமரை 10 மில்லிலிட்டர் தூய நீரில் 80 டிகிரி செல்சியசில் கலக்கிக் கரைத்து, அறை வெப்பநிலைக்கு ஆறவிட்ட பிறகே டெனோஃபோவிரின் ஒரு வடிவமான டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் ஃபியூமரேட்டை 50 மில்லிகிராம் சேருங்கள். அதன் எஸ்டர் பிணைப்பு சூட்டில் சிதையக்கூடியது. ஊசிக்கும் தகட்டுக்கும் இடையே 12 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி, மணிக்கு 0.5 மில்லிலிட்டர் ஓட்டம், 15 முதல் 20 கிலோவோல்ட் மின்னழுத்தம் என்று தொடங்கி, ஊசி முனையில் கரைசல் கூம்பு வடிவில் நிலையாக நிற்கும்வரை மாற்றிப் பாருங்கள். தகடு தரையிணைப்பில் இருப்பதையும், கதவைத் திறந்தால் மின்சாரம் நிற்பதையும் ஒவ்வொரு முறையும் சோதியுங்கள்.

நூற்பாலையில் இழை அறாதிருக்கக் காற்றை ஈரமாக்குவோம். இங்கே அதற்கு நேர்மாறாக, நீர்க் கரைசலுக்கு ஈரப்பதம் 30 முதல் 45 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்துடன் வரும் மாதங்களில், ஈரநீக்கி இல்லாமல் நூற்றால் இழைகள் காயாமல் ஒட்டிக்கொள்ளும், மணி மணியாகவும் திரளும்.

மணிகளைப் போக்க, கரைசலின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருளை (சர்ஃபாக்டன்ட்) சேர்க்கலாம் என்ற எண்ணம் உடனே எழும். இதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். நானாக்சினால்-9 என்ற அத்தகைய பொருள் கிருமிகளைக் கொல்லும் என்று நம்பிச் சோதித்தபோது, அது யோனிச் சவ்வைப் புண்ணாக்கி, அடிக்கடி பயன்படுத்திய பெண்களுக்கு எச்.ஐ.வி. அபாயத்தைக் கூட்டியது 2000-இல் தெரியவந்தது. பாலிமரின் செறிவைச் சற்றே உயர்த்திப் பார்ப்பதே முதல் வழி.

மேலே சொன்ன அளவின்படி, 10 மில்லிகிராம் உலர்ந்த இழைப்பாயில் சுமார் 0.48 மில்லிகிராம் மருந்து இருக்க வேண்டும். பாயின் நடுவிலும் ஓரங்களிலும் துண்டுகள் வெட்டிக் கரைத்து இதைச் சரிபாருங்கள். 260 நானோமீட்டர் புற ஊதா அளவீடு சிதைந்த மருந்தையும் சேர்த்தே காட்டும். ஆகவே உயர்திறன் திரவ வண்ணப்பிரிகை (எச்.பி.எல்.சி.) முறையில் உறுதிசெய்வது அவசியம்.

வெளியீட்டுச் சோதனையில்தான் பலரும் தவறான நிறைவு கொள்கின்றனர். 500 மில்லிலிட்டர் குடுவையில் எந்த இழைப்பாயும் விரைவாகக் கரையும். யோனியில் இருப்பதோ ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவான திரவம். ஆகவே பி.எச். 4.2 கொண்ட செயற்கை யோனித் திரவத்தை 37 டிகிரியில் சில மில்லிலிட்டர் மட்டும் எடுத்தும் சோதித்து, இரண்டு முடிவுகளையும் அருகருகே பதிவுசெய்யுங்கள். தாலேட் இழையாக இருந்தால், இடையில் பி.எச். 7.4 தாங்கற்கரைசலை (பஃபர்) சேர்த்து என்ன நேர்கிறது என்றும் பாருங்கள்.

அடுத்ததாக, கருப்பை வாய்ச் செல்களுக்கும், யோனியின் அமிலத்தன்மையைக் காக்கும் லாக்டோபேசிலஸ் நுண்ணுயிர்களுக்கும் இழை தீங்கு செய்கிறதா என்று மருந்தில்லாத இழையையும் வைத்து ஒப்பிட வேண்டும். மருத்துவ ஜவுளிக்கென மையம் நடத்தும் கோவை சிட்ரா (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்) போன்ற இடங்களின் வழிகாட்டுதலை முன்கூட்டியே நாடுங்கள்.

இவ்வாறு நூற்ற பாயை நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ உடலில் பயன்படுத்தவே கூடாது. மனிதரிடம் சோதிக்க 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி ஒழுங்காற்று அமைப்பின் அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். இப்போதே பாதுகாப்போ பரிசோதனையோ தேவைப்படுவோர், அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையத்தையோ 1097 என்ற கட்டணமில்லா எண்ணையோ அணுகலாம்.