சாவிச் சத்தம் கேட்டாலே நடுங்கும் மணி

நான் ஆபீஸ் கிளம்பினால் போதும், எங்கள் நாய் மணி கதவைப் பிறாண்ட ஆரம்பித்துவிடுவான். எச்சில் ஒழுகித் தரையெல்லாம் ஈரம், வைத்த சோறு அப்படியே கிடக்கும். பழைய போனில் வீடியோ ஓடவிட்டுப் பார்த்தேன். சாவியை எடுத்த நொடியிலேயே அவனுக்கு மூச்சிரைப்பு வந்துவிடுகிறது!

அதனால் முதலில் சாவியின் மவுசைக் குறைத்தேன். சாவியை எடுத்துக்கொண்டு போய் டிவி முன்னால் உட்காருவேன்; ஷூ மாட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுவேன். (வீட்டில் சிரித்தார்கள்.) அவன் தலையைக்கூடத் தூக்காத நிலை வந்த பிறகுதான் கதவு. வெளியே போய் உடனே உள்ளே வருவேன். பிறகு சில நொடி, அரை நிமிடம், ஐந்து நிமிடம் என்று நீட்டினேன். அவன் பதறத் தொடங்குமுன் திரும்பிவிட வேண்டும், சூட்சுமமே அதுதான். முதல் அரை மணி நேரத்தைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. அதுவரை பகலில் கீழ்வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார்.

ரப்பர் பொம்மைக்குள் தயிர்சாதம் அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுப்பதும் நல்லதுதான், ஆனால் பதறும் நாய் அதை மோந்துகூடப் பார்க்காது. அடித்தால் பயம் ஏறத்தான் செய்யும். பதற்றம் ரொம்ப முற்றிப்போயிருந்தால் கால்நடை மருத்துவர் அதைக் குறைக்கும் ஃப்ளூவாக்ஸெடின் என்ற மருந்தை எழுதித் தருவதுண்டு. மனிதருக்கு வாங்கிய மாத்திரையை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.