ஆண்ட்ராய்டு எஸ்டிகே பதிப்புகள்: மூன்று எண்களும் அவற்றைச் சுற்றி நடக்கும் தவறுகளும்

உங்கள் ஆண்ட்ராய்டு செயலியில் புதிதாக ஒரு லைப்ரரியை (பிறர் எழுதித் தந்த நிரல் தொகுப்பை) சேர்க்கிறீர்கள். பில்ட் (நிரலைச் செயலியாக மாற்றும் வேலை) நின்றுவிடுகிறது. இந்த லைப்ரரி வேண்டுமென்றால் 35 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பில் கம்பைல் செய்ய வேண்டும் என்கிறது பிழைச் செய்தி. உடனே பில்ட் கோப்பைத் திறந்து, கண்ணில் படும் எஸ்டிகே (செயலி எழுதுவதற்கான கருவித் தொகுப்பு) எண்கள் எல்லாவற்றையும் 35 ஆக்கிவிடுகிறார்கள் பலர். பிழை மறைந்துவிடுகிறது. ஆனால் அந்தச் செய்தி கேட்டது ஒரே ஓர் எண்ணை. மற்ற இரண்டையும் சேர்த்து மாற்றியதால் செயலி நடந்துகொள்ளும் விதம் மாறிவிட்டது. அதை நிறுவக்கூடிய போன்களின் எண்ணிக்கையும் சுருங்கிவிட்டது.

ஆண்ட்ராய்டில் கம்பைல் எஸ்டிகே, டார்கெட் எஸ்டிகே, மின் எஸ்டிகே என்று மூன்று எண்கள் உண்டு. எந்தப் பதிப்பின் வகுப்புகளை வைத்து நிரல் கம்பைல் ஆகிறது என்பதைச் சொல்வது முதலாவது. எந்தப் பதிப்பின் விதிகளுக்கு உட்பட்டு நடக்கச் செயலி தயாராக இருக்கிறது என்பதைச் சொல்வது இரண்டாவது. எவ்வளவு பழைய போன் வரை செயலி நிறுவப்படலாம் என்பதைச் சொல்வது மூன்றாவது. இந்த எண்கள் ஏபிஐ நிலைகள்; ஏபிஐ என்பது செயலிகள் அழைத்துப் பயன்படுத்த ஆண்ட்ராய்டு தரும் வசதிகள். போனின் அமைப்புகளில் தெரியும் ஆண்ட்ராய்டு பதிப்பு எண்கள் அல்ல. ஆண்ட்ராய்டு 12க்கு 31, 13க்கு 33, 14க்கு 34, 15க்கு 35. இடையில் 32ஐ 12எல் என்ற பதிப்பு எடுத்துக்கொண்டதால் மனக்கணக்கு போட்டுக் கண்டுபிடிக்க முயல வேண்டாம், அட்டவணையைப் பாருங்கள்.

மூன்றில் உயர்த்துவதற்கு அச்சம் குறைவானது கம்பைல் எஸ்டிகே. அதை உயர்த்தினால் புதிய ஏபிஐகள் எடிட்டரில் தெரியும், பழையவற்றில் சில கைவிடப்பட்டவை என்று கோடிடப்படும், பெரும்பாலும் அவ்வளவுதான். "பெரும்பாலும்" என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 15இன் எஸ்டிகேயில் ஜாவா பட்டியல்களுக்கு ரிமூவ்ஃபர்ஸ்ட், ரிமூவ்லாஸ்ட் என்ற செயற்கூறுகள் புதிதாக வந்தன. ஆண்ட்ராய்டு செயலிகள் எழுதப்படும் காட்லின் மொழியில் அதே பெயரில் நீட்டிப்புச் செயற்கூறுகள் முன்பே இருந்தன. கம்பைல் எஸ்டிகேயை 35 ஆக்கியதும், நிரலில் ஓர் எழுத்தும் மாறாமலேயே, கம்பைலர் காட்லினுடையதை விட்டுவிட்டு ஜாவாவினுடையதைப் பிடித்துக்கொள்கிறது. ஆண்ட்ராய்டு 15 ஓடும் எமுலேட்டரில் (கணினிக்குள் ஓடும் மாதிரி போனில்) எல்லாம் சரியாக இருக்கும். 14 அல்லது அதற்குக் கீழான போனில், அப்படி ஒரு செயற்கூறே இல்லை என்று செயலி விழுந்துவிடும். தீர்வு எளிது: எத்தனையாவது உறுப்பை நீக்க வேண்டும் என்று இடத்தைக் குறிப்பிட்டு நீக்கும் ரிமூவ்அட் செயற்கூறைப் பயன்படுத்தினால் போதும். ஆனால் பழைய போனில் ஓட்டிப் பார்க்காமல் வெளியிடுகிறவருக்கு இந்தப் பிழை பயனர்கள் சொல்லித்தான் தெரியவரும். எனவே கம்பைல் எஸ்டிகேயை உயர்த்தும் நாளில், நீங்கள் ஆதரிக்கும் மிகப் பழைய பதிப்பின் எமுலேட்டரிலும் ஒருமுறை செயலியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

டார்கெட் எஸ்டிகேயில்தான் மிகப் பெரிய தவறுகள் நடக்கின்றன. இது வெறும் எண் அல்ல, இயங்குதளத்துக்கு நீங்கள் கொடுக்கும் வாக்கு. "இந்தப் பதிப்பின் விதிகளைப் படித்துவிட்டேன், அவற்றின்படி சோதித்துவிட்டேன்" என்று சொல்கிறீர்கள். அதுவரை பழைய செயலி என்று விட்டுக்கொடுத்த சலுகைகளை ஆண்ட்ராய்டு அந்தக் கணமே நிறுத்திக்கொள்கிறது. 31க்கு உயர்த்தினால், இன்டென்ட் ஃபில்டர் (எந்த அழைப்புகளை ஏற்கும் என்ற குறிப்பு) வைத்திருக்கும் ஒவ்வொரு ஆக்டிவிட்டியும் (திரை) சர்வீஸும் (திரையின்றி ஓடும் வேலை) ரிசீவரும் (அறிவிப்புகளைக் கேட்டு வாங்குவது) வெளியிலிருந்து அழைக்கத்தக்கதா என்பதை, செயலியின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்டில் எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் ஆண்ட்ராய்டு 12 போனில் செயலி நிறுவப்படவே செய்யாது. 33க்கு உயர்த்தினால், அறிவிப்பு அனுப்பப் பயனரிடம் நீங்களே அனுமதி கேட்க வேண்டும்; கேட்க மறந்தால் ஆண்ட்ராய்டு 13இல் புதிதாக நிறுவியவர்களுக்கு ஓர் அறிவிப்பும் போகாது, பிழையும் வராது. 34இல் முன்னணியில் ஓடும் ஒவ்வொரு சர்வீஸுக்கும் வகை குறிப்பிட வேண்டும். 35இல், ஆண்ட்ராய்டு 15 போன்களில் திரை விளிம்பு முதல் விளிம்பு வரை உங்கள் செயலிக்கே கொடுக்கப்படும். இடைவெளியைக் கணக்கிடாத செயலிகளில் கீழே இருக்கும் பொத்தான் வழிசெலுத்தும் பட்டைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். இதிலிருந்து விலகி நிற்க ஒரு தீம் அமைப்பு உண்டு. 36ஐக் குறிவைத்தால், ஆண்ட்ராய்டு 16 போன்களில் அந்த அமைப்பும் செல்லாது.

அதற்காக உயர்த்தாமலும் இருக்க முடியாது. 2025 ஆகஸ்ட் 31 முதல், போன்களுக்கான புதிய செயலிகளும் புதுப்பிப்புகளும் 35ஐக் குறிவைக்க வேண்டும் என்பது கூகுள் ப்ளேயின் விதி. முந்தைய ஆண்டு அது 34ஆக இருந்தது. ஆண்டுதோறும் ஆகஸ்டில் வரும் இந்தக் கெடு யாருக்கும் புதிய செய்தி அல்ல. ஆனாலும் அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட முயலும் நாளில்தான் பலரும் இதைச் சந்திக்கிறார்கள். பணம் செலுத்தும் பக்கம் வேலை செய்யவில்லை என்று வாடிக்கையாளர்கள் குரல் எழுப்பும்போது, டார்கெட் எண் பழையது என்று ப்ளே கன்சோல் (செயலிகளைப் பதிவேற்றும் தளம்) கோப்பைத் திருப்பி அனுப்பும். எண்ணை உயர்த்திச் சோதிக்க அப்போது நேரம் இருக்காது. டார்கெட் எஸ்டிகே உயர்வை வேறு எந்த வேலையோடும் கலக்காமல் தனி வெளியீடாக, கெடுவுக்குப் பல வாரங்கள் முன்பே செய்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

மின் எஸ்டிகே தொழில்நுட்பக் கேள்வியாகத் தோன்றினாலும், யாருடைய போனில் நம் செயலி இருக்கலாம் என்ற முடிவு அது. லைப்ரரிகள் அதை மெல்ல மேலே தள்ளும். கூகுளே தரும் ஆண்ட்ராய்டுஎக்ஸ் லைப்ரரிகளே 2025இல் 21லிருந்து 23க்கு நகரத் தொடங்கின. அப்படித் தள்ளும்போது, உங்கள் எண் லைப்ரரியின் எண்ணைவிடக் குறைவாக இருக்கிறது என்று மேனிஃபெஸ்ட் இணைப்பில் பிழை வரும். அந்தப் பிழைச் செய்தியே, லைப்ரரியின் எண்ணைப் புறக்கணிக்கும் ஒரு குறிச்சொல்லையும் பரிந்துரைக்கும். அதைப் போட்டுவிட்டுக் கடந்து போகாதீர்கள். லைப்ரரியை எழுதியவர் சோதிக்காத போன்களில் அதை ஓட்ட ஒப்புக்கொள்கிறீர்கள். விழுந்தால் கேள்வி கேட்க ஆள் இல்லை. லைப்ரரியின் பழைய பதிப்பில் நிற்பது அல்லது மின் எண்ணை அறிந்தே உயர்த்துவது, இரண்டில் ஒன்றுதான் நேர்மையான வழி. மின் எண்ணைக் குறைவாக வைத்திருப்பவர்கள் லின்ட் (நிரலில் தவறு தேடும் கருவி) தரும் எச்சரிக்கைகளை அடக்கிவைப்பதும் ஆபத்து. புதிய ஏபிஐயை அழைக்கும் முன் போனின் பதிப்பைச் சரிபார்க்கச் சொல்லித்தான் அது கத்துகிறது.

ஜாவா எங்கிருந்து வருகிறது?

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் பில்ட் ஆகிறது, டெர்மினலில் ஆகவில்லை. இந்தப் புகாரின் வேர் பெரும்பாலும் ஜாவா கருவித் தொகுப்பான ஜேடிகேதான். ஸ்டுடியோ தன்னோடு ஒரு ஜாவாவைக் கொண்டுவருகிறது. டெர்மினலோ ஜாவா ஹோம் என்ற சூழல் மாறி காட்டும் ஜாவாவை எடுத்துக்கொள்கிறது. பில்ட் வேலையைச் செய்யும் கருவி கிரேடில்; அதற்கு ஆண்ட்ராய்டைக் கற்றுக்கொடுக்கும் துணை நிரல் ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளகின். அந்த ப்ளகின் 7.0க்கு ஜாவா 11 தேவை, 8.0க்கு 17 தேவை. மறுபக்கம், ஜாவா மிகப் புதிதாக இருந்தாலும் பழைய கிரேடில் திணறும்: ஜாவா 21இல் ஓடக் கிரேடில் 8.5 வேண்டும். வகுப்புக் கோப்பின் பதிப்பு 65 ஆதரிக்கப்படவில்லை என்பது போன்ற செய்தி வந்தால், அந்த எண்ணிலிருந்து 44ஐக் கழியுங்கள். வருவது ஜாவா பதிப்பு: 65 என்றால் 21, 61 என்றால் 17, 52 என்றால் 8. எந்த ஜாவா குறுக்கே நிற்கிறது என்பது அப்போதே புரிந்துவிடும். ஸ்டுடியோவும் டெர்மினலும் ஒரே ஜேடிகேயைக் காட்டும்படி வைத்துவிட்டால், இரண்டு கிரேடில் டீமன்கள் (பின்னணியில் ஓடும் நிரல்கள்) தனித்தனியாக ஓடி நினைவகத்தைத் தின்பதும் நிற்கும்.

கிரேடிலைக் கணினியில் தனியாக நிறுவ வேண்டிய தேவையே இல்லை. உபுண்டுவின் களஞ்சியத்தில் கிடைக்கும் கிரேடில் 4.4.1, இன்றைய எந்த ஆண்ட்ராய்டு ப்ராஜெக்ட்டுக்கும் அது உதவாது. ப்ராஜெக்ட்டுக்குள் இருக்கும் ரேப்பரையே (சரியான கிரேடில் பதிப்பைத் தானே கொண்டுவரும் சிறு நிரலையே) எப்போதும் பயன்படுத்துங்கள், அதன் கோப்புகளை, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் சேர்த்துவிடுங்கள்.

எஸ்டிகே இருக்கும் இடம்

ஒரே கணினியில் இரண்டு எஸ்டிகேக்கள் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. ஸ்டுடியோ நிறுவியது பயனர் கோப்புறையில் இருக்கும். லினக்ஸில் பேக்கேஜ் மேனேஜர் வழியாக வந்தது நிர்வாகிக்கு மட்டும் எழுதும் உரிமை உள்ள இடத்தில் இருக்கும். ஒன்றில் உரிமங்களை ஏற்றிருப்பீர்கள், பில்ட் மற்றொன்றைத் தேடிப் போய் உரிமம் ஏற்கப்படவில்லை என்று நின்றுவிடும். உடனே சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை) போட்டு எஸ்டிகே மேனேஜரை ஓட்டினால், கோப்புகள் நிர்வாகியின் பெயரில் உருவாகிச் சிக்கல் இன்னும் இறுகும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை நீக்குங்கள். எஸ்டிகே இருக்கும் இடத்தைக் காட்டும் ஆண்ட்ராய்டு ஹோம் என்ற சூழல் மாறியை மட்டும் அமைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு எஸ்டிகே ரூட் என்ற இன்னொரு மாறி கைவிடப்பட்டது. இரண்டும் வெவ்வேறு இடத்தைக் காட்டினால் பில்ட் மறுத்துவிடும்.

விண்டோஸில் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அந்தப் பெயர் எஸ்டிகேயின் பாதையில் வந்துவிட்டால் ஸ்டுடியோ எச்சரிக்கும். சி, சி++ நிரலுக்கான என்டிகே கருவிகள் உடையவும் கூடும். சி டிரைவில் இடைவெளி இல்லாத சிறிய ஆங்கிலப் பெயரில் ஒரு கோப்புறை உருவாக்கி எஸ்டிகேயை அங்கே வைத்துவிடுங்கள். எஸ்டிகேயின் இடத்தைக் குறிக்கும் லோக்கல் ப்ராப்பர்ட்டீஸ் கோப்பு உங்கள் கணினிக்கு மட்டும் உரியது. அதைக் கிட்டில் சேர்த்தால் சக நிரலாளரின் பில்ட் உங்கள் வீட்டு முகவரியைத் தேடிக்கொண்டிருக்கும்.

இணையத்தில் பரவிய ஒரு வைத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பில்ட் டூல்ஸ் 31 சிதைந்திருக்கிறது என்ற பிழைக்கு, டி8 என்ற கோப்பை டிஎக்ஸ் என்று பெயர் மாற்றச் சொல்வார்கள். உண்மையில் எதுவும் சிதையவில்லை. நிரலை ஆண்ட்ராய்டு ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் பழைய டிஎக்ஸ் கருவி 31இல் நீக்கப்பட்டது; பழைய ப்ளகின் இன்னும் அதைத் தேடுகிறது. ப்ளகினை 7.0 அல்லது அதற்கு மேல் உயர்த்துவதே தீர்வு. பெயர் மாற்றினால் உங்கள் கணினியில் மட்டும் ஓடும், பில்ட் நடக்கும் சர்வரில் மறுபடி விழும்.

ஃப்ளட்டர் என்ற செயலி உருவாக்கும் கருவித் தொகுப்பில் எழுதுபவர்களுக்கு ஒரு மறைமுகச் சிக்கல் உண்டு. அங்கே எஸ்டிகே எண்கள் முன்னிருப்பாக ஃப்ளட்டரிடமிருந்தே வருகின்றன. ஃப்ளட்டரை உயர்த்தினால், பில்ட் கோப்பில் ஒரு வரிகூட மாறாமல் டார்கெட் எஸ்டிகே உயர்ந்துவிடலாம். டார்கெட் எண்ணையாவது நீங்களே வெளிப்படையாக எழுதிவையுங்கள். பல ப்ராஜெக்ட்டுகளை ஒரே கணினியில் பராமரிப்பவர்கள் எஃப்விஎம் கருவியால் ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்ளட்டர் பதிப்பைக் கட்டிவைக்கலாம்.

என்டிகேயையும் அதேபோல் எண் குறிப்பிட்டே எழுதுங்கள். 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15ஐயும் அதற்கு மேலும் குறிவைக்கும் செயலிகள் 16 கேபி நினைவகப் பக்க அளவை (நினைவகம் பிரித்துக் கையாளப்படும் துண்டின் அளவை) ஆதரிக்க வேண்டும் என்றது கூகுள் ப்ளே. என்டிகே 28 அதற்கேற்ற கோப்புகளை முன்னிருப்பாகவே உருவாக்கும். நீங்கள் சி++ எழுதாவிட்டாலும், வெளியிலிருந்து சேர்த்த லைப்ரரிக்குள் நேட்டிவ் கோப்பு (சி, சி++ போன்றவற்றிலிருந்து உருவான கோப்பு) இருந்தால் இது உங்களையும் பிடிக்கும்.

வட்டில் இடம் குறைந்தால் முதலில் எமுலேட்டரின் சிஸ்டம் இமேஜ்களை (அது ஓட்டும் ஆண்ட்ராய்டின் முழுப் பிரதிகளை) நீக்குங்கள். ஒவ்வொன்றும் ஜிபி கணக்கில் இருக்கும். பழைய என்டிகேக்களையும் பில்ட் டூல்ஸ்களையும் எஸ்டிகே மேனேஜர் வழியாகவே எடுங்கள். கோப்புறையைக் கையால் அழித்தால் பாதி மிச்சம் நின்று, அடுத்த பில்ட்டில் புதிய பிழை ஒன்றைக் கொடுக்கும்.